கோப்பையின் அடியில் ஒரு விதை

ஒரே லயத்து அறையில் மூன்று வருஷமாக இரண்டு அடுப்பு எரிந்த கதை இது. போன வாரம் வரை கூடவே வந்தவர்களுக்கு, அதில் ஒரு அடுப்பு அணைந்து ஐந்து நாளாகிறது என்று சொன்னாலே விஷயம் விளங்கிவிடும். இன்றைக்குத்தான் வந்து உட்காருகிறவர்களுக்காக நாலு வரி.

இலங்கையில் தெமோதரைப் பக்கம் ரயில் பாதைக்காக மலையைக் குடைந்துகொண்டிருந்த வருஷம். வேங்கைமலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் தம்பையா குசினிக்காரன். பங்களாச் சோறு சமைக்கிறவன் என்று, தோட்டக் கூலிகள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் அவனுக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. அவன் பெண்சாதி இராக்கம்மா. அவனுடைய அக்கா கருப்பம்மா. புருஷன் செத்த பிறகு தம்பியோடு வந்து ஒட்டிக்கொண்டு தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள்.

மூன்று வருஷத்துக்கு முன் கருப்பம்மா பதுளைத் திருவிழாவுக்குப் போனாள். வருகிற வழியில் ஆசையாக ஒரு அன்னாசிப் பழம் வாங்கி வந்தாள். எட்டு மாதக் கர்ப்பிணியான இராக்கம்மா அதில் இரண்டு துண்டு தின்றாள். மறுநாள் அவளுக்குப் பிள்ளை இறந்தே பிறந்தது. பிள்ளைத்தாய்ச்சிக்கு அன்னாசியும் பப்பாளியும் ஆகாது என்பது லயத்துக் குழந்தைக்குக்கூடத் தெரியும். கருப்பம்மாவுக்கும் தெரியும்தான். நாலு துண்டு ஆகாது, இரண்டு ஆகும் என்று எந்தக் கணக்கில் நினைத்தாளோ, அது அவளுக்கே இன்றுவரை விளங்கவில்லை.

"என் பிள்ளையத் தின்னவ" என்று இராக்கம்மா சொன்னாள். வீட்டுக்குள் சொல்லியிருந்தால் வீட்டோடு போயிருக்கும். மலைத் தண்ணீர் விழுகிற பீலிக்கரையில், இருபது பெண்கள் குடத்தோடு நிற்கும்போது சொன்னாள். அன்றோடு பேச்சு நின்றது. அறையில் ஆளுக்கொரு அடுப்பு வந்தது.

இப்போது இராக்கம்மாவுக்கு ஏழாம் மாதம். பதினெட்டு நாள் காய்ச்சல் அடித்து விட்டிருக்கிறது. காய்ச்சல் போனது, ஆனால் வாயெல்லாம் புண். அரிசிக் கஞ்சி, பார்லித் தண்ணீர், ஆட்டுப்பால் என்று எது உள்ளே போனாலும் அரை நாழிகையில் வெளியே வந்துவிடுகிறது. ஐந்து நாளாக அவளுடைய அடுப்பை மூட்ட ஆளில்லை. கருப்பம்மா தன் அடுப்பில் கஞ்சி வைத்துக் கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். குடி, படு, திரும்பு என்ற மூன்று வார்த்தைதான் அவர்களுக்குள் நடந்தது. அதைப் பேச்சு என்று சொல்ல முடியாது.

நேற்று மாலை தோட்டத்து மருந்துக்காரர் மயில்வாகனம் வந்து நாடி பார்த்தார். யாழ்ப்பாணத்து மனிதர். தோட்டத்தில் அவரை டாக்டரய்யா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நாளைக்குப் பின்னேரம் வருவன். அதுக்குள்ள வயித்தில ஒண்டும் நிக்காட்டி வண்டியில ஏத்தத்தான் வேணும். பதுளை ஆஸ்பத்திரிக்கு" என்றார்.

பதினாலு மைல் மலைப் பாதை. போன தை மாதம் மேட்டு லயத்துப் பெண் ஒருத்தி நிறைமாதத்தோடு அதே மாட்டு வண்டியில் ஏறினாள். பாதி வழியில் பிரசவமாயிற்று. தாயும் திரும்பவில்லை, பிள்ளையும் திரும்பவில்லை. அனுப்பினால் அந்தக் கதி, அனுப்பாமல் வைத்துக்கொண்டால் பட்டினி. இரண்டில் எதில் இராக்கம்மா சாவாள் என்பதுதான் கருப்பம்மாவின் முன்னால் இருந்த கேள்வி.

அந்த நாள் இப்படி விடிந்தது.

ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத் தப்படித்து ஆட்கள் மலைக்குப் போய்விட்டார்கள். கங்காணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கருப்பம்மாவுக்கு லீவு கொடுத்திருந்தார். ஏழரை மணி இருக்கும். தம்பையா பங்களாக் கோட்டுக்குள் எதையோ அணைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தான். தகரக் கோப்பை, மேலே வாழையிலை மூடியிருந்தது.

"தொரைக்குக் காலையில பழக்கூழ் அடிக்கிறேன்ல, அது மாதிரி இவளுக்குத் தனியா அடிச்சேன். சூடு காட்டக் கூடாது. அப்படியே குடுக்கணும்" என்றான்.

துரைக்கு வயிற்றுக் கோளாறு. கொழும்பு டாக்டர் முட்டையையும் இறைச்சியையும் நிறுத்திவிட்டு, காலைச் சாப்பாட்டுக்குப் பழத்தைப் பிசைந்து தேங்காய்ப்பால் விட்டுக் குடிக்கச் சொல்லியிருந்தார். இரண்டு மாதமாகத் தம்பையாவுக்கு அதுதான் முதல் வேலை.

"என்ன போட்டிருக்க?" என்று கருப்பம்மா கேட்டாள்.

"கோழிக்கூட்டு வாழப்பழம். தேங்காப்பால். கித்துள் பாணி. ரெண்டு சொட்டு தேசிக்காப் புளி. அவ்வளவுதான்."

கருப்பம்மா இராக்கம்மாவின் தலையை மடியில் தூக்கி வைத்து, இலையை எடுத்துவிட்டுக் கோப்பையை வாயருகே கொண்டுபோனாள். இராக்கம்மா குடிக்கவில்லை. மூக்கை ஒருமுறை இழுத்தாள். கண்ணைத் திறந்து கருப்பம்மாவைப் பார்த்தாள்.

"பப்பாளி கிப்பாளி இல்லையே?"

"அதான் சொன்னானே, அவ்வளவுதான்னு."

"நீ சொல்லு. என் தலையில கை வச்சுச் சொல்லு."

மூன்று வருஷத்தில் தன்னிடம் அவள் பேசிய முதல் முழு வாக்கியம். அது கிடைத்த சந்தோஷத்தில் கருப்பம்மா தம்பியின் முகத்தைப் பார்க்க மறந்தாள். இராக்கம்மாவின் எண்ணெய் காணாத உச்சந்தலையில் உள்ளங்கையை அழுத்தி வைத்தாள்.

"உன் தலை மேல சத்தியம். பப்பாளியும் இல்ல, அன்னாசியும் இல்ல. குடி தாயி."

தலையில் கை வைத்துச் சொன்ன சத்தியம் பொய்யானால் அது சொன்னவரைப் பிடிக்காது. யார் தலையோ அவரைத்தான் பிடிக்கும். லயத்தில் யாரும் அதை விளையாட்டாகச் செய்வதில்லை.

நிமிர்ந்து பார்த்தபோது தம்பையா வாசலில் இல்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிப்போயிருந்தான்.

இராக்கம்மா குடித்தாள். ஒரு மிடறு, கொஞ்சம் பொறுத்து இன்னொரு மிடறு. கோப்பை முழுவதும் உள்ளே போனது. கருப்பம்மா வாந்திச் சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கால் மணி போனது, அரை மணி போனது. இராக்கம்மா தூங்கிவிட்டாள்.

நின்றுவிட்டது. ஐந்து நாளைக்குப் பிறகு ஒன்று வயிற்றில் நின்றுவிட்டது. கருப்பம்மா சத்தம் வராமல் வெளியே போய், லயத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகை தீர்ந்ததும் கோப்பையைக் கழுவ எடுத்தாள்.

அடியில் ஒரு மிளகு ஒட்டிக்கொண்டிருந்தது.

பழக்கூழில் மிளகு எதற்கு என்று நினைத்தாள். நகத்தால் அழுத்தினாள். மேல்தோல் வழுக்கிக்கொண்டு கழன்றது, உள்ளே சொரசொரவென்று கருப்பாக ஒன்று இருந்தது. அது மிளகு இல்லை.

கருப்பம்மா கோப்பையைக் கழுவாமல் அப்படியே வைத்தாள். அந்த விதையை முந்தானையில் முடிந்துகொண்டு, பக்கத்து அறைக் கிழவரை வாசலில் உட்காரச் சொல்லிவிட்டு, பங்களாவுக்குக் குறுக்குப் பாதையில் ஏறினாள்.

குசினியில் தம்பையா வெள்ளித் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் மேசைமேல் விதையை வைத்தாள்.

"இது என்னடா?"

அவன் பார்த்தான். துடைப்பதை நிறுத்தவில்லை.

"துணியில வடிகட்டித்தான் குடுத்தேன். எப்படி வந்துச்சோ."

"அதையா நான் கேட்டேன்?"

"டாக்டரய்யா சொன்னாரு அக்கா. நல்லாப் பழுத்த பப்பாளி சேத்துக் குடு, அதுதான் வயித்துல நிக்கும்னாரு. காயிதான் ஆகாதாம், பழத்துக்கு ஒண்ணும் ஆகாதாம்."

"இதை அவகிட்டச் சொல்றதுக்கென்ன?"

"சொன்னா குடிப்பாளா?"



"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல. நான் அவ தலையில கை வச்சேன்டா."

"உன்னை வைக்கச் சொல்லி நான் சொல்லலியே."

"தடுக்கலியே நீ."

தட்டு கீழே போனது. தம்பையா அடுப்படியில் குந்தி, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். முப்பத்தைந்து வயது ஆண்பிள்ளை அப்படி உட்கார்ந்ததைப் பார்க்க அவளுக்கு ஆத்திரமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"அஞ்சு நாளாச்சுக்கா. நேத்து அவ கையைப் பிடிச்சேன், என் கையில அது இருக்கிறதே தெரியல. பொய்யோ மெய்யோ, அவ முழுங்கினாப் போதும்னு இருந்துச்சு. வேற எனக்கு ஒண்ணும் தோணல."

உள் கதவு பாதி திறந்திருந்தது. அதன் வழியே விறாந்தையில் துரையின் மனைவி துரைசாணி தெரிந்தாள். பிரம்பு நாற்காலியில் சாய்ந்து, மேடிட்ட வயிற்றின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, கண்ணாடிக் கிளாஸிலிருந்து செம்மஞ்சளாக எதையோ குடித்துக்கொண்டிருந்தாள்.

"அவங்களுக்கும் ஆறு மாசம். தொரைக்கு அடிக்கிறதுலதான் அவங்களும் குடிக்கிறாங்க. தினமும். பப்பாளி, அன்னாசி, எல்லாம்" என்றான் தம்பையா.

"அவங்க உடம்பு வேற, நம்ம உடம்பு வேற."

"வயிறு வயிறுதானக்கா."

 மத்தியானத்துக்குப் பப்பாளி இல்லாமல் ஒரு கோப்பை வேண்டுமே என்றாள் கருப்பம்மா. அவன் இல்லையென்று தலையை ஆட்டினான். மிச்சப் பழமெல்லாம் துரைசாணி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். அரைமூடித் தேங்காயும் ஒரு சின்னப் போத்தலில் இனிப்புக்குக் கித்துள் பாணியும் அவன் கொடுத்தான். அவள் படியிறங்கும்போது பின்னாலேயே வந்தான்.

"பீலிக்கரையில பப்பாளி மரம் நிக்குது. நாலு பழம் பழுத்துக் கெடக்கு."

"அதைத் தொடமாட்டேன்."

தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். இறக்கம் முழுவதும் அவள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். பொய்ச் சத்தியம் ஆகிவிட்டது. இராக்கம்மாவுக்கு இனி என்ன வந்தாலும் அது தன் கையால் வந்ததுதான். இதற்குமேல் அந்தப் பழம் அவள் தொண்டையில் இறங்காமல் பார்த்துக்கொண்டால், மாரியம்மன் பார்த்து மன்னிக்கலாம். வாழைப்பழமும் தேங்காய்ப்பாலும் நிற்காமலா போகும்? காலையில் நின்றது அதனால்கூட இருக்கலாமே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

லயத்துக்குப் பின்னால் அவளே வைத்த வாழை. அதில் பழுத்திருந்த மூன்றில் இரண்டு பழத்தை நார் எடுத்துப் பிசைந்தாள். தேங்காயைத் துருவி முதல் பாலைப் பிழிந்தாள். பாணி விட்டுக் கலந்து, வெளுத்த வேட்டித் துணியில் வடிகட்டினாள். எல்லாம் சுத்தமாக, எல்லாம் உண்மையாகச் செய்தாள்.

இராக்கம்மா நாலு மிடறு குடித்தாள். ஐந்தாவதில் வந்துவிட்டது.

வாந்தி என்றால் அப்படி இப்படி இல்லை. உடம்பு வில்லாக வளைந்து, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண் மேலே சொருகிவிட்டது. ஒன்றும் மிச்சமில்லாமல் வெறும் பித்தமாக வந்தது. கருப்பம்மா அவளைச் சாய்த்துப் பிடித்து நெற்றியைத் துடைத்தாள். தொட்ட இடமெல்லாம் எலும்பு.

கொஞ்சம் மூச்சு வந்ததும் இராக்கம்மா உதட்டை அசைத்தாள்.

"காலையில குடிச்ச மாதிரி குடு, மதினி."

மதினி. மூன்று வருஷமாகக் காதில் விழாத வார்த்தை. அடுத்த அறையில் யாரையாவது அப்படிக் கூப்பிட்டால்கூடக் கருப்பம்மா எழுந்து வெளியே போய்விடுவாள். இப்போது அந்த வார்த்தை வந்த நேரத்தைப் பாருங்கள். எதைக் கொடுக்கமாட்டேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாளோ, அதைக் கேட்க வந்திருக்கிறது.

கருப்பம்மா அவளைப் பாயில் படுக்க வைத்தாள். பிறகு எழுந்து, மூங்கில் கழியின் நுனியில், தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைக் கட்டினாள்.

பீலிக்கரைப் பப்பாளி மரத்தை யாரும் வைக்கவில்லை. காக்கை போட்ட விதையில் தானாக முளைத்தது. முழுகாமல் இருக்கிற பெண்கள் அதன் நிழலில்கூட நிற்பதில்லை, குடத்தை எட்ட வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார்கள். மற்றவர்களும் பறிப்பதில்லை. யார் வீட்டுக்குப் பப்பாளி போனது, ஏன் போனது என்று பேச்சு வரும். அதனால் அந்த மரத்துப் பழமெல்லாம் காக்கைக்கும் அணிலுக்கும்தான்.

மத்தியானக் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டுப் பெண்கள் இறங்கி வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்த நேரம். ஒளித்துச் செய்ய வழியே இல்லை. கருப்பம்மா கழியை உயர்த்தினாள். பேச்சு ஒவ்வொன்றாக நின்று, தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"யாருக்கு?" என்று ஒருத்தி கேட்டாள்.

"எனக்குத்தான்."

"உனக்கா?"

கருப்பம்மா கத்தியைக் காம்பில் மாட்டி இழுத்தாள். காம்பு அறுந்து பழம் விழுந்தது. முந்தானையில் பிடித்துக்கொண்டு நடந்தாள். முதுகுக்குப் பின்னால் ஒரு குரல், அவ்வளவு மெதுவாகவும் இல்லாமல், "மறுபடியுமா?" என்றது. அந்த ஒரு வார்த்தை அவளை அறைவாசல் வரை துரத்திக்கொண்டு வந்தது.

உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். பழத்தை இரண்டாகப் பிளந்தாள். நல்ல பழுத்த பழம், சதை குங்குமச் சிவப்பு. விதையை ஒன்றுவிடாமல் வழித்தெடுத்தாள். தோலோடு ஒட்டிய வெளிர்ப்பகுதியைத் தொடாமல் நடுச் சதையை மட்டும் கரண்டியால் சுரண்டினாள். மிச்சமிருந்த ஒரு வாழைப்பழத்தைச் சேர்த்து, கட்டி கட்டியாக நிற்காமல் விரலால் நசுக்கி நசுக்கிப் பிசைந்தாள். தேங்காய்ப்பாலை ஒரேயடியாகக் கொட்டாமல், கொஞ்சம் விட்டுக் கலக்கி, மறுபடி கொஞ்சம் விட்டாள். பாணி ஒரு கரண்டி. புண்ணில் எரியும் என்று தேசிக்காய் விடவில்லை. துணியில் இரண்டு தடவை வடித்தாள். விதை ஏதாவது தப்பியிருக்கிறதா என்று கோப்பையை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.  விஷத்தைக் கலக்குகிறவளும் இவ்வளவு கவனமாகத்தான் கலக்குவாளோ என்று அவளுக்கு ஒரு நினைப்பு வந்தது.

இந்தத் தடவை பொய்யில்லாமல் கொடுப்பது என்று முடிவு செய்திருந்தாள்.

"இராக்கு. இதுல பப்பாளி இருக்கு. காலையிலயும் இருந்துச்சு. எனக்குத் தெரியாது. தெரியாம உன் தலையில கை வச்சுட்டேன். இப்பத் தெரிஞ்சுதான் கொண்டாந்திருக்கேன். வேணாம்னா கொட்டிடறேன்."

இராக்கம்மா கையை நீட்டினாள். கோப்பையை வாங்க அந்தக் கைக்குத் தெம்பில்லை. கருப்பம்மாதான் பிடித்துக் குடிக்க வைத்தாள். மிடறு மிடறாக, முழுவதையும் குடித்துவிட்டு இராக்கம்மா சொன்னாள்.

"காலையிலயே தெரியும்."

"என்ன தெரியும்?"

"மூக்குகிட்டக் கோப்பை வந்தப்பவே வாசம் தெரிஞ்சுச்சு. அப்புறந்தான் சத்தியம் கேட்டேன்."



"தெரிஞ்சா ஏன்டி கேட்ட?"

"எதுனா ஆச்சுன்னா இந்தத் தடவையும் உம்மேல போட்டுடலாம்னு."

வெளியே கோழி கொக்கரித்துக்கொண்டு போனது. இராக்கம்மா கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். நிறுத்தி நிறுத்தித்தான் பேச முடிந்தது.

"பிள்ளை அசையல மதினி. நேத்து சாயங்காலத்துலேருந்து அசையல. யாருகிட்டயும் சொல்லல. எனக்கு அது தெரியும், எப்படி இருக்கும்னு. அன்னைக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

"என்னைக்கு?"

"நீ அன்னாசி கொண்டாந்தியே, அதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடியே நின்னுபோச்சு. ரெண்டு நாளாக் கல்லு மாதிரி கெடந்துச்சு. நீ பழத்தை அரிஞ்சு நீட்டினப்ப நான் பேசாம வாங்கித் தின்னேன்."

கருப்பம்மா எழுந்துவிட்டாள். எங்கே போவதென்று எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பத்தடி அறை, அந்த மூலைக்குப் போய் நின்றாள். மூன்று வருஷம். எந்தத் தொட்டில் கட்டுக்கும் அவளைக் கூப்பிட்டதில்லை. பிள்ளைகளைத் தூக்கப் போனால் தாய்மார்கள் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு போவார்கள். ஒவ்வொரு நாள் படுக்கும்போதும் அந்த இரண்டு துண்டு அன்னாசியை அவள் திரும்பத் திரும்ப அரிந்திருக்கிறாள். அத்தனையும் எதற்கு? அவளுக்கு வந்த கோபத்தில் அந்தத் தகரக் கோப்பையை நசுக்கியே போட்டிருப்பாள்.

"ஏன்டி? நான் உனக்கு என்ன செஞ்சேன்?"

"ஒண்ணும் செய்யல. பிள்ளை தங்காத வயிறுன்னு சொல்லி உன் தம்பிக்கு வேற பொண்ணு பாத்துருவாங்கன்னு பயம். பழம்னு ஒண்ணு கெடைச்சுச்சு. உம்மேல போட்டேன்."

இராக்கம்மாவுக்கு அழக்கூடத் தண்ணீர் இல்லை. முகம் மட்டும் அழுதது. அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் கோபமாக நிற்க முடியும்? கருப்பம்மா திரும்ப வந்து உட்கார்ந்து, அவள் வயிற்றில் கையை வைத்தாள். அழுகையில் வயிறு குலுங்கியது. அதற்கு அடியில் வேறு ஏதாவது அசைகிறதா என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தேடினாள். ஒன்று இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

குடித்தது வெளியே வரவில்லை. ஒரு மணி போனது, இரண்டு மணி போனது. இராக்கம்மாவின் உள்ளங்கையில் கொஞ்சம் சூடுகூட வந்திருந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கருப்பம்மா அசையாமல் இருந்தாள். தாய்க்கு உயிர் வந்துகொண்டிருக்கிறது. பிள்ளை என்ன ஆனது?

அந்திக் கொழுந்து நிறுத்துவிட்டுப் பெண்கள் லயத்துக்குத் திரும்பவும், மாட்டு வண்டியின் சலங்கை கேட்கவும் சரியாக இருந்தது. வண்டிக்கு முன்னால் மயில்வாகனம் குதிரையில் வந்து இறங்கினார். பங்களாவிலிருந்து தம்பையா ஓடி வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் பெண்கள் கூடிவிட்டார்கள். அடுப்போரம் கிடந்த பப்பாளித் தோலை ஒருத்தி இன்னொருத்திக்குக் காட்டினாள்.

மயில்வாகனம் குனிந்து நாடியைப் பிடித்தார். இமையைத் தூக்கிப் பார்த்தார்.

"நேத்தையைவிட நல்லாக் கிடக்கு. ஏதோ நிண்டிருக்குது. நான் சொன்னதோ, வேறை ஏதுமோ, என்ன குடுத்தது?"

கருப்பம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் பாயிலிருந்து குரல் வந்தது.

"பப்பாளி."

வாசலில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

"நான்தான் கேட்டுக் குடிச்சேன்" என்றாள் இராக்கம்மா. குரல் எட்டாது என்று அவளுக்கே தோன்றியிருக்கவேண்டும். முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினாள். "பீலிக்கரையில நான் சொன்னதை எல்லாரும் கேட்டீங்க. இதையும் கேட்டுக்கங்க. மதினி குடுத்த அன்னாசியில என் பிள்ளை போகல. அதுக்கு முன்னாடியே போச்சு. நான் பொய் சொன்னேன்."

 தம்பையா நிலையில் சாய்ந்தவன் அப்படியே கீழே உட்கார்ந்தான். மத்தியானம் பீலிக்கரையில் "மறுபடியுமா" என்றவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

கருப்பம்மா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. இந்த வார்த்தை ஒரு நாள் வரும், எல்லார் முன்னாலும் வரும், அன்றைக்குத் தலை நிமிர்ந்து நடக்கலாம் என்று மூன்று வருஷம் ஏங்கியிருக்கிறாள். வந்துவிட்டது. வந்தபோது அவள் மனசு அதிலேயே இல்லை.

"டாக்டரய்யா, நேத்துலேருந்து பிள்ளை அசையலைங்கிறா" என்றாள் மெதுவாக.

மயில்வாகனத்தின் முகம் மாறியது. பையிலிருந்து மரக் காதுக்குழலை எடுத்தார். வாசலை நோக்கிக் கையைத் தூக்கினார், எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். வண்டிக்காரன் ஓடிப்போய் மாட்டின் சலங்கையைக் கையால் பொத்திக்கொண்டான். பருத்த மனிதர், மண்தரையில் மண்டியிட்டு, குழலின் ஒரு முனையை இராக்கம்மாவின் வயிற்றில் வைத்து மறுமுனையில் காதை அழுத்தினார். கண்ணை மூடிக்கொண்டார்.

குழலை எடுத்தார். கொஞ்சம் கீழே வைத்தார். மறுபடி எடுத்து இடதுபக்கம் வைத்தார்.

இராக்கம்மாவின் கை தடவித் தடவிக் கருப்பம்மாவின் கையைத் தேடிப் பிடித்தது. பிடித்து இழுத்துத் தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டது. காலையில் பொய்ச் சத்தியம் விழுந்த அதே இடம்.

"பிள்ளை இருக்குன்னு சொல்லு மதினி" என்றாள், உதடு மட்டும் அசைய. "பொய்யா இருந்தாலும் பரவாயில்ல, சொல்லு."

கருப்பம்மா டாக்டரய்யாவின் மூடிய கண்ணைப் பார்த்தாள். அது இன்னும் திறக்கவில்லை. அவள் கையை எடுக்கவில்லை. உள்ளங்கையை இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்தாள்.

"இருக்கு தாயி. உன் தலை மேல சத்தியம்."